முதல் நாளே பிள்ளையின் வாரத்தை எழுதுங்கள்: பெங்களூர்த் தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு தாய்மாமனின் திறந்த மடல்

பெங்களூரில் குடும்ப வழக்குகள் நடத்தும் தமிழ் வழக்கறிஞர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சட்டம் படித்தவன் இல்லை. அல்சூரில் சின்னதாக ஓர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். என் தங்கையின் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றரை வருடம் எச். சித்தய்யா சாலையில் குடும்ப நீதிமன்றம் இருக்கும் நியாய தேகுலா கட்டடத்துப் படிகளில் ஏறி இறங்கியவன். அந்தக் காலத்தில் உங்களில் பலரைப் பார்த்திருக்கிறேன். வாய்தாவுக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கு டீ வாங்கித் தந்தவரும் உங்களில் ஒருவர்தான். அதனால் கோபத்தில் எழுதவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க எழுதுகிறேன்.

பிரிந்துவிட்ட ஒரு கணவனோ மனைவியோ உங்கள் எதிரே வந்து உட்காரும் முதல் நாளே, வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர்கள் பிள்ளையின் வாரத்தை எழுதுங்கள். எந்த வீட்டில் தூங்குகிறது, யார் பள்ளியில் விடுகிறார்கள், கூட இல்லாத அப்பாவையோ அம்மாவையோ என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே பார்க்கும் என்று எழுதுங்கள். நகை, சீர், யார் யாரை என்ன சொன்னார்கள், விவாகரத்தா சேர்ந்து வாழ்வதா, எல்லாம் அதற்கு அப்புறம் பேசுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் மூன்றரை வருடம் கழித்துத்தான் எழுதப்பட்டது.

2018 ஜூன், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். தங்கை ஓசூரிலிருந்து இரண்டு பையும் நாலு வயது மகனுமாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அடி உதை எதுவும் இல்லை. சேர்ந்து இருக்க முடியாது என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். எங்களுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனாலும் மனக்கஷ்டத்தைச் சொல்ல நம் பாஷை பேசுகிறவர் வேண்டும் என்று அம்மா சொன்னதால் ஒரு தமிழ் வக்கீலைத் தேடிப் போனோம். ஓசூரில் மாப்பிள்ளை வைத்ததும் ஒரு தமிழ் வக்கீலைத்தான்.

எங்கள் வக்கீல் சொன்னார்: “முதலில் பணம் வரட்டும்மா. அப்புறம் பையனைக் காட்டிக்கலாம்.” மாப்பிள்ளையின் வக்கீல் அங்கே சொன்னது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது: “முதலில் பையனைக் காட்டட்டும். அப்புறம் பணம் அனுப்பலாம்.” இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பதினாலு மாதம் போனது. பதினாலு மாதமும் பையன் அப்பாவைப் பார்க்கவில்லை, அவன் பெயருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு. ஒன்றை நிறுத்தி மற்றதைப் பிடுங்கச் சட்டம் யாருக்கும் அனுமதி தரவில்லை. இது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பணத்துக்கு அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவாகியிருக்கிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பணம் கேட்க இப்படி ஒரு நேர்வழி இருக்கிறது. நடுவில் பிள்ளையை நிறுத்த வேண்டிய தேவை எங்கே வருகிறது?

அப்புறம் ஐந்து வயது விஷயம். இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

“அஞ்சு வயசு வரைக்கும்தான் அம்மாகிட்ட. அஞ்சு முடிஞ்சா அப்பாவுக்குப் போயிடும்.” நம் தெருக்களில் எல்லோரும் சொல்வது இதுதான். அல்சூரில் கேளுங்கள், ஸ்ரீராம்புரத்தில் கேளுங்கள், ஆஸ்டின் டவுனில் கேளுங்கள். நாங்களும் அதை நம்பினோம். 2019 பிப்ரவரியில் பையனுக்கு ஐந்து முடிந்தது. ஒரு மாதம் முன்பிருந்தே தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. பிறந்தநாள் அன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. கேக் வாங்கவில்லை, வாசல் கதவைத் திறக்கவில்லை. யாரோ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். பையன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரமாக நின்றான். அவனுக்கு என்ன சொல்வது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டத்தில் 6-ஆவது பிரிவு சொல்வது, ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான். ஐந்து நிறைந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன் என்று சொல்கிறது. அந்த 6-ஆவது பிரிவில் தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்று இருப்பதைக்கூட 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. ‘பின்’ என்றால் தகப்பன் செத்த பிறகு என்று பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் காப்பாளராகலாம் என்றது. இவ்வளவையும் நான் பின்னால் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நாளில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் ஒரு பிறந்தநாள் பிழைத்திருக்கும். மாப்பிள்ளை வீட்டிலும் அதே தப்பான நம்பிக்கைதான் இருந்தது. ஐந்து முடிந்தால் பையன் தானாக வந்துவிடுவான் என்று அவர்கள் தேதி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்போது எல்லை விஷயத்துக்கு வருகிறேன். இது பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே இருக்கிற தொல்லை. நம் பெண்கள் கட்டிக்கொண்டு போவதும் கோபித்துக்கொண்டு வருவதும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், சேலம் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான். ஓசூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர். ஒயிட்ஃபீல்டில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அந்தத் தூரத்தில் பாதியாவது போய் வருகிறார்கள். ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. மாப்பிள்ளை ஓசூரில் சேர்ந்து வாழக் கோரி ஒரு மனு போட்டார். நாங்கள் இங்கே பிள்ளைக்காக 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் ஒன்றும், ஜீவனாம்சத்துக்கு ஒன்றும் போட்டோம். ஒரு மாநிலத்து வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 40 கிலோமீட்டருக்காக டெல்லிக்கு மனு போனது. அங்கே ஒரு வக்கீல், அவருக்குத் தனிச் செலவு. இங்கே இன்னொரு சண்டை: பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அங்கேதான் காப்பாளர் மனு போட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கமாக வசிக்கும் இடம் ஓசூரா, அல்சூரா? இதற்கு எத்தனை வாய்தா!

இந்தச் சண்டை தேவையா இல்லையா என்பது உங்கள் தொழில். நான் கேட்பது அதற்குள்ளே ஒன்று. எந்த ஊர் நீதிமன்றம் என்பது முடிவாகும் வரை பையன் அப்பாவைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. காப்பாளர் சட்டத்தில் 12-ஆவது பிரிவு இருக்கிறது, இந்து திருமணச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு இருக்கிறது. இரண்டிலும் இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஓசூரில் நடந்த வழக்கிலேயே கேட்டிருக்கலாம். இரண்டு பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

அதனால் உங்களிடம் அழுத்தமாகச் சொல்கிறேன். பிள்ளை யார் கையில் இருக்கிறதோ, அவர்களுடைய வக்கீல் நீங்கள் என்றால், அந்த மனுவை நீங்களே முதலில் போடுங்கள். “பிள்ளை என்னிடம் இருக்கிறான். அவன் அப்பாவை இந்தக் கிழமைகளில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் பார்க்க நான் ஏற்பாடு செய்கிறேன்” என்று அம்மாவே எழுதிக் கொடுக்கட்டும். அப்பாவிடம் பிள்ளை இருந்தால் அவர் எழுதட்டும். பிள்ளையை மறைத்து வைத்தவர் என்ற பேச்சுக்கே அப்புறம் இடம் இல்லை. எதிர்த்தரப்புக்கும் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், இரண்டு பெற்றோரின் அன்பும் பிள்ளைக்கு உரியது, ஒருவரிடம் வைத்தாலும் மற்றவரோடு பார்க்கவும் பேசவும் வழி செய்துதர வேண்டும், வீடியோ கால்கூட அதில் சேரும் என்ற கருத்தைச் சொன்னது. அதை நீங்கள் படித்திருப்பீர்கள். உங்கள் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டினீர்களா?

சரி, உத்தரவு வாங்கினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. 2019 ஆகஸ்டில் ஒரு வழியாக இரண்டு வக்கீல்களும் சேர்ந்து ஒரு மெமோ, அதாவது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட குறிப்பு, எழுதிக் கொடுத்தார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, பதினொன்று முதல் ஒரு மணி வரை, கப்பன் பார்க்கில். அவ்வளவுதான் எழுதியிருந்தது. கப்பன் பார்க்குக்கு எத்தனை வாசல்! முதல் ஞாயிறு நான் பையனைக் கூட்டிக்கொண்டு மெட்ரோவில் போய் பால பவன் வாசலில் நின்றேன். மாப்பிள்ளை ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து லைப்ரரி பக்கம் நின்றிருக்கிறார். அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை, என் நம்பர் அவரிடம் இல்லை. நாங்கள் வரவில்லை என்று அவர் நினைக்க, அவர் வரவில்லை என்று நாங்கள் நினைக்க, பன்னிரண்டேகாலுக்குத் தற்செயலாகத்தான் பார்த்துக்கொண்டோம். பதினாலு மாதம் கழித்துப் பார்க்கிற மகனோடு அவருக்கு மிஞ்சியது முக்கால் மணி நேரம். அதில் பாதி நேரம் நாங்கள் இரண்டு பேரும் பையன் முன்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டோம். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

எந்த வாசல் என்று எழுத இரண்டு சொல் போதும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். பஸ் இல்லை, பார்க் இல்லை. மெமோவில் போனில் பேசுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதாததைச் செய்தால் பின்னால் அதையே உரிமையாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள் என்றார்கள். நாங்களும் கொடுக்கவில்லை. தங்கை போனில் வீடியோ கால் வந்து வந்து நின்றுபோகும். பையன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்கு முந்தின மாதம்தான் பையனோடு நீதிபதி தனியாகப் பேச அழைத்திருந்தார். பிள்ளைக்குச் சொல்லத் தெரிகிற வயதாக இருந்தால் அதன் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று காப்பாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முந்தின நாள் மாலை எங்கள் வக்கீல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, பையனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கிவிடச் சொல்லி. தங்கைக்கு மனம் வரவில்லை. அம்மாவும் நானும்தான் பழக்கினோம். “அப்பா வேண்டாம், அம்மாகூட இருக்கேன்” என்று சொல்ல வேண்டும் என்று ஆறு வயதுப் பையனுக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்தோம். மறுநாள் உள்ளே போனான், பத்து நிமிடத்தில் வந்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டான்: “மாமா, நான் சரியாச் சொன்னேனா?”

என்ன பதில் சொல்வது? தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றிரவு அவன் படுக்கையை நனைத்துவிட்டான், அந்தப் பழக்கம் விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தயவுசெய்து யாரையும் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவர்களாகவே சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றாலும் தடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். எங்கள் வீடுகளில் வக்கீல் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் பீஸ் கட்டத் தங்கை இரண்டு வளையலை அடகு வைத்தாள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். மற்ற ஆண்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். மாநில சட்டப்பணிகள் ஆணையத்தின் அலுவலகம் நாங்கள் ஏறி இறங்கிய அதே நியாய தேகுலாவில்தான் இருக்கிறது. மூன்று வருடம் அதன் பக்கமாகவே நடந்திருக்கிறோம். போர்டைப் பார்த்தோம், அது எங்களுக்கானது என்று தெரியவில்லை. உங்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. வசதி உள்ளவர்கள் உங்களிடம்தான் வருவார்கள். வளையலைக் கழற்றி வைக்கிற பெண்ணிடம் மட்டும் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்கிற வக்கீலை அவள் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டாள், தெருவெல்லாம் சொல்வாள்.

2021 கடைசியில் எங்கள் வழக்கை மீடியேஷனுக்கு, அதாவது நடுவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசும் சமரசத்துக்கு, அனுப்பினார்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது. அங்கே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதனால் தங்கையையும் மாப்பிள்ளையையும் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே மீடியேட்டர் அம்மா, கன்னடக்காரர், தமிழ் ஓரளவு புரியும், வழக்குக் கட்டைத் திறக்காமல் ஒரு கேள்வி கேட்டாராம்: “ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் உங்கள் மகன் முதலில் என்ன செய்வான்?” தங்கை சொல்லியிருக்கிறாள், மொட்டை மாடிக்கு ஓடுவான், பக்கத்து வீட்டில் புறா வளர்க்கிறார்கள் என்று. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “புறாவா? எத்தனை புறா?” என்று தங்கையைப் பார்த்துக் கேட்டாராம். மூன்றரை வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது.

அன்றைக்கே முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தார்கள். மூன்றாவது தடவை அந்தத் தாள் தயாரானது. அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், உங்களுக்கு மாதிரியாக இருக்கட்டும்.

பள்ளி நாட்களில் பையன் அம்மாவோடு அல்சூரில். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்திப்பள்ளி பஸ் நிறுத்தத்தில், ஓசூர் பக்கம் போகிற ஓரத்தில், ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதே இடத்தில் திரும்ப. இந்தப் பக்கம் தங்கையோ நானோ, அந்தப் பக்கம் மாப்பிள்ளையோ அவர் அப்பாவோ மட்டும்தான் வர வேண்டும். நாலு பேருடைய நம்பரும் தாளிலேயே இருக்கிறது. அரை மணிக்கு மேல் தாமதமானால் போன். தினமும் ராத்திரி ஏழரைக்கு அப்பாவோடு வீடியோ கால், பத்து நிமிடம், பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. தசரா விடுமுறையில் பாதி, கோடை விடுமுறையில் பாதி அப்பாவோடு. பொங்கல் ஓசூரில், தீபாவளி ஒரு வருடம் இங்கே ஒரு வருடம் அங்கே. காய்ச்சல் என்றால் ரத்து செய்யக் கூடாது, சொல்ல வேண்டும், அப்பா வீட்டுக்கு வந்து பார்க்கலாம். இந்த வரியைச் சேர்த்தது தங்கைதான். பள்ளி டைரியில் இரண்டு பேர் நம்பரும். பள்ளிக் கட்டணம் ஆளுக்குப் பாதி, மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் அப்பா அனுப்பும் பணம் தனி. பையன் வளர வளர இது மாறலாம், மாற்ற வேண்டுமென்றால் முதலில் இருவரும் பேச வேண்டும், முடியாவிட்டால் மீடியேஷன், அப்புறம்தான் மனு. கஸ்டடி உத்தரவு கல்லில் எழுதியது கிடையாது, பிள்ளையின் நலனுக்கு வேண்டுமென்றால் மாற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லியிருக்கிறது, மெட்ராஸிலிருந்து போன ஒரு வழக்கில்.

அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக்கினார்கள். மற்ற மனுக்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாபஸ் ஆயின. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தும் முடிந்தது. இந்த வருடங்களில் அத்திப்பள்ளியில் தவறிப்போன சனிக்கிழமைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடிக்கிற வீட்டிலிருந்து, குடித்துவிட்டு வந்து பிள்ளைமேல் கை வைக்கிற மனிதரிடமிருந்து தப்பித்து வந்த பெண்ணிடம் போய் முதல் நாளே அட்டவணை போடு என்று சொல்லச் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 21-ஆவது பிரிவு, பிள்ளையைத் தற்காலிகமாக அவள் பொறுப்பில் விடவும், பார்ப்பதால் பிள்ளைக்குக் கெடுதி என்றால் அதை மறுக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அங்கே தாளில் எழுத வேண்டியது வேறு: பிள்ளை பத்திரமாகத் தூங்கும் இடம், பள்ளியில் யார் வந்தால் அனுப்பக் கூடாது என்பது. அங்கேயும் முதல் தாள் பிள்ளையுடையதுதான்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. உத்தரவு ஆங்கிலத்தில் வந்தது. ஓசூர் வழக்கில் தங்கை ‘ரெஸ்பாண்டன்ட்’, இங்கே ‘பெட்டிஷனர்’. இரண்டும் அவள்தான் என்று புரிவதற்கே அவளுக்கு ஆறேழு மாதம் ஆனது. பெங்களூர்த் தமிழர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, பள்ளியில் கன்னடம்தான். என் தங்கைக்கும் அப்படித்தான். ஓசூரில் படித்த மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வரும், கன்னடம் வராது. அதனால் தமிழில் அச்சடித்துக் கொடுத்தாலும் பாதிப்பேருக்குத்தான் உதவும். பிள்ளை சம்பந்தமான உத்தரவு வந்த அன்று, அதைப் பேச்சுத் தமிழில் சொல்லி, இரண்டு நிமிடக் குரல் பதிவாகக் கட்சிக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். ராத்திரி அம்மாவும் பாட்டியும் மாமனும் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று புரியும்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இல் வந்தபோது, அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் அனுமதித்தால்தான் என்று 13-ஆவது பிரிவில் எழுதினார்கள். முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்று 9-ஆவது பிரிவில் எழுதினார்கள். 2015 மே மாதம் சட்ட ஆணையம் தனது 257-ஆவது அறிக்கையில், இரு பெற்றோரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதையும் பிள்ளையைப் பார்க்கும் ஏற்பாடுகளையும் சட்டத்திலேயே சேர்க்கச் சொன்னது. அது இன்னும் சட்டமாகவில்லை. அது வரும் வரை இது உங்கள் மேஜையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நீங்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். எங்கள் வழக்கில் இரண்டு பக்கத்து வக்கீல்களும் தமிழர்கள். ஒருவருக்கொருவர் ஒரு போன் செய்து, “சார், அது கிடக்கட்டும், பையன் இந்த ஞாயிறு அப்பாவைப் பார்க்கட்டுமே” என்று 2018 ஜூனிலேயே பேசியிருக்கலாம்.

எங்கள் தாளின் நகல் ஒன்று என் கடையில் இருக்கிறது, பெயர்களையும் நம்பர்களையும் அடித்துவிட்டு வைத்திருக்கிறேன். உங்களில் யார் வந்து கேட்டாலும் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். இந்த வாரம் மட்டும் சனிக்கிழமை காலையில் வராதீர்கள். அது நாலாவது சனி. பத்து மணிக்கு நானும் மருமகனும் அத்திப்பள்ளியில் நிற்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்
அல்சூர், பெங்களூர்